ஒரு வாசல் வெளிச்சம்

ராயபுரத்துச் சந்துகளில் பல வீடுகளுக்கு வெளிச்சம் வர வாசல் ஒன்றுதான் வழி. உள்ளே உட்கார்ந்து பூ கட்டும் அம்மாவின் ஒரு கன்னத்திலும் முழங்கையிலும் பட்டுவிட்டு, பின்சுவருக்குப் போவதற்குள் அது மங்கிவிடும். இதை ஆயில் பெயின்டில் வரையக் கற்க விரும்புகிறவர்கள் டீயைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். நிதானமாகவே பேசலாம்.

முதலில் கறுப்பு ட்யூபை எடுத்து ஓரமாக வையுங்கள். அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னாவையும் கலந்தாலே கிட்டத்தட்டக் கறுப்பு வந்துவிடும். வெள்ளை சேர்த்தால் சாம்பல். அதில் நீலம் சற்றுத் தூக்கலாக இருந்தால் நிழலிலுள்ள சுண்ணாம்புச் சுவர். சியன்னா தூக்கலாக இருந்தால் அம்மாவின் கழுத்து. சுவரும் உடம்பும் ஒரே கலவையில் பிறப்பதால்தான் ஆள் அந்த அறைக்குள் இருப்பார். வெட்டி ஒட்டியதுபோல் துருத்த மாட்டார். அடங்கிய நிறப் படத்துக்கு உயிரே இதுதான் என்பேன்.

பிறகு கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். மூக்குத்தி, வளையல், சேலைப் பூ எல்லாம் கரைந்து நாலைந்து டோன்கள் மட்டும் மிஞ்சும். அவற்றை டர்பன்டைனில் கரைத்த அம்பரால் மெல்லிசாகப் போடுங்கள். அம்பரில் மாங்கனீசு இருப்பதால் சீக்கிரம் காயும். லின்சீட் எண்ணெயை மேல்பூச்சுகளில் கூட்டிக்கொள்ளலாம். அடிப்பூச்சில் எண்ணெய் மிஞ்சினால் மேல்பூச்சு முந்திக் காய்ந்து, பின்னால் வெடிப்பு விடும்.

கறுத்த மேனியை வரைய ஓவியர் எஸ். இளையராஜாவைப் பாருங்கள். கும்பகோணத்திலும் சென்னையிலும் ஓவியம் படித்தவர். 2021 ஜூனில் அவரைக் கொரோனாவுக்குப் பறிகொடுத்தோம். அடுப்படியிலும் சன்னலோரத்திலும் இருப்பதாக அவர் வரைந்த பெண்களின் தோலை வெளுக்கவைக்காமலே ஒளிரவைத்தார். கவனியுங்கள், கன்னத்து மினுமினுப்பு தோலின் நிறமல்ல; வெளியிலிருந்து வரும் ஒளியின் நிறம். வாசலுக்கு வெளியே திறந்த வானமென்றால் அதில் நீலம் கலந்திருக்கும்.

இடத்தைப் பற்றியும் கவலை வேண்டாம். கோபன்ஹேகனில் ஓவியர் வில்ஹெல்ம் ஹாமர்ஷோய் 1898 முதல் 1909 வரை துறைமுகப் பேட்டை வீடு ஒன்றில் குடியிருந்தார். அந்த ஒரே வீட்டின் அறைகளையும், முதுகு காட்டி நிற்கும் மனைவி ஈடாவையும் திரும்பத் திரும்ப வரைந்தார். அவற்றுக்காகப் புது இடம் தேடி அலையவில்லை. நம் ராயபுரத்து வீடும் இப்படி வரையத் தாராளமாகப் போதும்.

சுத்த வெள்ளையை மட்டும் கடைசிவரை தொடாதீர்கள். எவர்சில்வர் குடத்தின் விளிம்பில் ஒரே தீற்றல். அதோடு பிரஷைக் கழுவிவிடலாம்.