கல்லுக்கு மெருகு, மூச்சுக்குக் காவல்

ஆற்றங்கரைக் கூழாங்கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஒரு முனைகூட உறுத்துவதில்லை. மலையிலிருந்து உடைந்து விழுந்தபோது கூர்முனைகளோடு இருந்த கல், நீரிலும் மணலிலும் நெடுங்காலம் உருண்டு வழவழப்பாகிறது. இதே வேலையை ஏறத்தாழ ஒரு மாதத்தில் செய்து முடிக்கும் சிறு கருவி ஒன்று உண்டு. அதனைக் கல் மெருகேற்றும் சுழலுருளை எனலாம். வீட்டிலிருந்து உடல் தேறி வருவோருக்கும், அவர்களைக் கவனித்துக்கொள்வோருக்கும் அது பொறுமையான பொழுதுபோக்கு. கல்லோடு தொழில் செய்யும் குடும்பங்கள் அறிய வேண்டிய ஒரு பாடமும் அதில் இருப்பதால், அதனைப் பற்றி இவ்விதழில் எழுதுகிறோம்.

நான்கு கட்டங்கள்

இறுக மூடிய ரப்பர் உருளை ஒன்றை மின்மோட்டார் மெதுவாகச் சுழற்றிக்கொண்டிருக்கும். உருளையில் முக்கால் பங்குவரை கற்களை இட்டு, மேல்வரிசைக் கற்களுக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி நீர் ஊற்றி, உராய்வுத் தூளைச் சேர்க்க வேண்டும். அகேட், ஜாஸ்பர் போன்ற குவார்ட்ஸ் வகைக் கற்களின் கடினம் மோஸ் அளவுகோலில் ஏறத்தாழ 7. அவற்றைத் தேய்க்க 9-க்கு மேல் கடினமுள்ள சிலிக்கன் கார்பைடு தூள் பயன்படுகிறது. மென்கல்லையும் வன்கல்லையும் கலந்து இட்டால் மென்கல் தேய்ந்து அழிந்துவிடும். ஆகவே ஒத்த கடினமுள்ளவற்றையே சேர்த்து இடுவர்.

முதல் வாரம் பரும்தூள், இரண்டாம் வாரம் நடுத்தரத் தூள், மூன்றாம் வாரம் நுண்தூள், நான்காம் வாரம் மெருகுத்தூள் என வேலை நடக்கும். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் கற்களையும் உருளையையும் தூரிகையால் தேய்த்து நன்கு கழுவுதல் இன்றியமையாதது. முந்தைய கட்டத்தின் பருந்துகள் சில ஒட்டியிருந்தாலும், அடுத்த கட்டத்தில் கல்லின் மேல் கீறல் விழும். இதில் அவசரத்துக்கு இடமில்லை.

நீர் எதற்காக?

நீர், தூளைக் கற்களிடையே பரப்புகிறது. அத்துடன் தேயும் கல்லின் துகளைச் சேறாகப் பிடித்து வைத்துக்கொள்கிறது. கல்லை நீரின்றித் தேய்க்கும்போது அத்துகள் காற்றில் கலக்கிறது. குவார்ட்ஸ் கல் முழுவதும் படிகச் சிலிக்கா. அதன் மிக நுண்ணிய தூசி கண்ணுக்குத் தெரியாமல் நுரையீரலின் ஆழம்வரை செல்லும். அங்கே தங்கி, திசுவைத் தழும்பாக இறுகச் செய்யும். இந்நோயின் பெயர் சிலிக்கோசிஸ். தழும்பான திசுவை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மருந்து இல்லை. தூசியை விட்டு விலகிய பின்னரும் நோய் வளரக்கூடும். காசநோய் தொற்றும் வாய்ப்பையும் அது கூட்டுகிறது.

குஜராத்தின் கம்பாத் நகர் இதற்குச் சான்று. அகேட் கல்லையும் சூதுபவளத்தையும் மணிகளாக்கும் தொழில் அப்பகுதியில் மிகப் பழமையானது. முற்காலத்தில் மணிகளைத் தோற்பையில் இட்டு, உராய்வுத் தூளும் நீரும் சேர்த்து, ஆட்கள் எதிரெதிரே அமர்ந்து பல நாட்கள் உருட்டி மெருகேற்றினர். இன்றைய சுழலுருளைக்கு அதுவே மூதாதை எனலாம். அவ்வேலையில் ஈரம் இருந்தது. ஆனால் மணிக்கு உருவம் கொடுக்க, உலர்ந்த கல்லைச் சாணைச்சக்கரத்தில் பிடித்துத் தேய்த்தபோது தூசி பறந்தது. பட்டறைகள் பல வீடுகளிலேயே இருந்தமையால், தேய்த்தவர்களோடு குடும்பத்தாரும் அண்டை வீட்டாரும் அதனைச் சுவாசித்தனர். அழகிய மணிகளை உலகுக்கு அளித்த கைகள் பல, மூச்சுக்குத் தவித்தன.

நாம் செய்ய வேண்டியவை

சுழலுருளை வைத்திருப்போர் கல்லை உடைக்கும்போதும் நனைத்தே உடைக்க வேண்டும். கண்ணாடி அணிய வேண்டும். சேற்றைக் கழிவுநீர்க் குழாயில் ஊற்றினால் அது சிமெண்டுபோல் இறுகி அடைத்துக்கொள்ளும். அதனை உலரவிட்டுப் பெருக்கினாலோ தூசியாகும். ஆகவே ஈரத்துடனேயே பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். சிந்தியதை ஈரத்துணியால் துடையுங்கள். நுரையீரல் நோயுள்ளவர்களும், எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உட்கொள்வோரும் மருத்துவரைக் கேட்ட பின்னரே இதில் இறங்க வேண்டும். கழுவும் வேலையைப் பிறரிடம் விட்டு, கற்களைத் தேர்ந்தெடுப்பதோடு அவர்கள் நிற்கலாம்.

கல்குவாரி, கிரானைட் அறுக்கும் பட்டறை, சிற்பக்கூடம் ஆகியவற்றில் பணிபுரிவோருக்கு இப்பாடம் இன்னும் முக்கியமானது. கிரானைட்டிலும் குவார்ட்ஸ் உண்டு. நீர் தெளித்து அறுத்தல், தூசியை உறிஞ்சும் வசதி, இவற்றோடு தரமான முகக்கவசம் ஆகியவை தேவை. முகத்தில் கட்டும் துண்டு நுண்தூசியைத் தடுக்காது. வேலை உடையை வீட்டுக்குள் உதறாதீர்கள்.

படியேறுகையில் மூச்சு வாங்குதல், நீங்காத வறட்டு இருமல் ஆகியவை தோன்றினால் காலந்தாழ்த்தாமல் வாருங்கள். அப்போது நோயாளி இன்று செய்யும் வேலையையும், பல ஆண்டுகளுக்கு முன் விட்டுவிட்ட வேலையையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். சிலிக்கோசிஸ் காசநோய்போலத் தோன்றக்கூடியது. மார்பு எக்ஸ்ரேயுடன் தொழில் விவரமும் சேர்ந்தால்தான் அதனை எளிதில் இனங்காண முடியும். நோயாளி சொல்லத் தயங்கினால், உடன் வருவோர் சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் சிகிச்சையின் திசையையே மாற்றக்கூடும்.