துப்பாக்கி யார் இடுப்பில்?

காய்கறி வாங்க ஒருவன் கடைக்குப் போகிறான். ஒரு கையிலே பை. மறு கையிலே குழந்தையின் விரல். இடுப்பிலே, எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி, தோட்டா நிரப்பிய கைத்துப்பாக்கி! எதிரே போலீஸ்காரர் வருகிறார், பார்க்கிறார், போய்விடுகிறார். குற்றமில்லை. அது குடிமகனின் உரிமை!

கற்பனை அல்ல, தோழர்களே! அமெரிக்க நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் சட்டம் இதற்கு இடம் தருகிறது. வெளிப்படையாக ஆயுதம் தரித்து நடமாடும் இந்த உரிமைக்கு 'ஓப்பன் கேரி' என்று பெயர். பொது இடத்தில் கைத்துப்பாக்கி தரிப்பதை 1871ஆம் ஆண்டிலேயே தடுத்த மாநிலம் டெக்சாஸ். அங்கே 2016 ஜனவரி முதல் நாளிலிருந்து, உரிமம் பெற்றவர் வெளியே தெரியும்படி அணியலாம் என்றாயிற்று. 2021 செப்டம்பரில், உரிமமே வேண்டாம் என்றாயிற்று. ஃபுளோரிடாவில் 1987 முதல் இருந்த தடையை 2025 செப்டம்பரில் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்று தள்ளியது.

எங்கோ நடப்பது, நமக்கென்ன என்று கேட்கலாம். பிழைப்புத் தேடிக் கடல் கடந்து போன நம் வீட்டுப் பிள்ளைகள் அந்த டெக்சாசிலும் இருக்கிறார்கள். அது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்றுண்டு. 'உரிமை' என்ற சொல்லை எவர் உச்சரித்தாலும் உழைப்பவன் ஒரு கேள்வி கேட்கப் பழக வேண்டும்: யாருக்கு உரிமை? அந்தக் கேள்வியை இந்தத் துப்பாக்கி விவாதத்திலே கேட்டுப் பார்ப்போம்.

இரு தரப்பார் வாதம்

உரிமை வேண்டும் என்போர் சொல்வதை முதலில் கேட்போம். எதிரியின் வாதத்தை ஒளித்து வைத்துவிட்டு எக்காளமிடுவது நமது பழக்கமல்ல.

"எங்கள் அரசியல் சட்டத்தின் இரண்டாவது திருத்தம், 1791ஆம் ஆண்டு முதல், ஆயுதம் வைத்திருக்கவும் தரிக்கவும் எங்களுக்கு உரிமை தந்திருக்கிறது. திருடன்தான் ஆயுதத்தை ஒளித்து வைப்பான். நேர்மையானவன் வெளியே தெரியவே வைத்திருப்பான். பட்டிக்காட்டிலே போலீஸ் வந்து சேரும் முன் உயிர் போய்விடும். துப்பாக்கியைக் கண்டால் அக்கிரமக்காரன் அஞ்சி ஒதுங்குவான்" என்கிறார்கள் அவர்கள்.

இன்னொன்றும் சொல்கிறார்கள். "உரிமம் கொடுக்கும் அதிகாரத்தை அதிகாரியிடம் விட்டால், அவன் தனக்குப் பிடித்தவனுக்கே கொடுப்பான். 1956இல் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டிலே வெடிகுண்டு வீசினார்கள். தற்காப்புக்குத் துப்பாக்கி வைத்துக்கொள்ள அவர் உரிமம் கேட்டார். அலபாமா அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள். இதுதானே உங்கள் கட்டுப்பாடு?" என்று கேட்கிறார்கள்.

இந்த வாதத்தில் உண்மை உண்டு. அதை மறைக்க மாட்டோம்.

மறுதரப்பார் கணக்கைக் காட்டுகிறார்கள். 2021ஆம் ஆண்டில் மட்டும் அந்த நாட்டிலே துப்பாக்கியால் மாண்டவர் 48,830 பேர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். மக்கள் தொகையை விடத் துப்பாக்கித் தொகை அதிகமாயிருக்கும் நாட்டிலே, அதை வீதிக்கும் கொண்டுவரச் சொல்வது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவதல்லவா என்று கேட்கிறார்கள்.

இந்த வழக்கிலே 2022 ஜூன் மாதம் உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. துப்பாக்கி தரிக்கத் தனிக் காரணம் காட்ட வேண்டும் என்ற நியூயார்க் மாநிலச் சட்டத்தை, ஒன்பது நீதிபதிகளில் ஆறு பேர் தள்ளினார்கள். பொது இடத்திலும் கைத்துப்பாக்கி தரிக்கும் உரிமை குடிமகனுக்கு உண்டு என்றார்கள். அதைக் கட்டுப்படுத்தும் சட்டம் எதுவாயினும், அது நாட்டின் வரலாற்று மரபோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார்கள்.

வரலாற்றைப் பார் என்கிறது நீதிமன்றம். நல்லது. பார்த்துவிடுவோம்!

வரலாறு சொல்லும் வாக்குமூலம்

1857ஆம் ஆண்டு. டிரெட் ஸ்காட் என்ற அடிமை, நான் விடுதலை பெற்றவன் என்று உச்சநீதிமன்றத்திலே வழக்காடினார். கறுப்பர் குடிமக்களாக முடியாது என்று தீர்ப்பெழுதினார் தலைமை நீதிபதி டானி. ஏன் முடியாது? அவர் அடுக்கிய காரணங்களிலே ஒன்று என்ன தெரியுமா? குடிமக்கள் என்று ஒப்புக்கொண்டால், போகுமிடமெல்லாம் ஆயுதம் தரித்துச் செல்லும் உரிமையும் அவர்களுக்கு வந்துவிடுமே என்பதுதான்!

அதற்கு ஏழாண்டு முன்பு, 1850இல், லூசியானா மாநில நீதிமன்றம் ஆயுதத்தை ஒளித்து வைப்பது இழிவு, வெளிப்படையாகத் தரிப்பது உரிமை என்று சொல்லியிருந்தது. அந்த மாநிலத்திலே அப்போது அடிமைகள் கரும்புத் தோட்டத்திலும் பருத்திக் காட்டிலும் முதுகொடிய உழைத்துக் கொண்டிருந்தார்கள். உரிமை யாருடையது என்று நீதிமன்றம் தனியே சொல்லத் தேவையில்லை. சாட்டை எந்தக் கையிலே இருந்ததோ, துப்பாக்கியும் அந்தக் கையிலேதான் இருந்தது.

உள்நாட்டுப் போர் முடிந்தது. அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்தது. அதே 1865ஆம் ஆண்டில் மிசிசிப்பி மாநிலம் புதிய சட்டம் போட்டது. விடுதலை பெற்ற கறுப்பர் எவரும் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது! விலங்கைக் கழற்றியவுடன் வேலியைப் போட்டார்கள்.

சரி, அது நிறத்தின் கதை. வெள்ளைத் தொழிலாளிக்கு மட்டும் உரிமை இருந்ததா?

சிகாகோ நகருக்கு வாருங்கள். அங்கே 1877 ரயில்வே வேலைநிறுத்தத்தின்போது, தச்சுத் தொழிலாளர் கூடியிருந்த மண்டபத்திலே போலீசார் புகுந்து அடித்தார்கள். ஜெர்மனியிலிருந்து குடியேறிய சோஷலிஸ்டுத் தொழிலாளர்கள் அங்கே 1875 முதலே ஒரு தற்காப்புச் சங்கம் வைத்திருந்தார்கள். துப்பாக்கி பிடித்து அணிவகுத்துப் பயிற்சி செய்தார்கள். உடனே விழித்துக்கொண்டது இல்லினாய் சட்டமன்றம். அரசாங்கப் படை தவிர வேறெவரும் ஆளுநர் அனுமதியின்றி ஆயுதத்தோடு அணிவகுக்கக் கூடாது என்று 1879இல் சட்டம் செய்தது. அதே ஆண்டு சுமார் 400 தொழிலாளரை நடத்திச் சென்ற ஹெர்மன் பிரெசர் என்பவருக்குப் பத்து டாலர் அபராதம் விழுந்தது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை போயிற்று. இரண்டாவது திருத்தம் மாநில அரசைக் கட்டுப்படுத்தாது. சட்டம் செல்லும் என்று 1886இல் தீர்ப்பு வந்தது.

முதலாளிமாருக்கு மட்டும் கூலிப்படை வைத்துக்கொள்ளத் தடை வந்ததா? இல்லை. 1892இல் ஹோம்ஸ்டெட் எஃகாலையிலே வேலைநிறுத்தம் நடந்தபோது, கார்னகி கம்பெனி சுமார் 300 பிங்கர்டன் கூலிப்படையாட்களைத் துப்பாக்கிகளோடு படகிலே ஏற்றிக் கொண்டுவந்து இறக்கப் பார்த்தது. தொழிலாளி ஏந்தினால் கலகம். முதலாளியின் ஆள் ஏந்தினால் பாதுகாப்பு! இதுதான் மரபா?

இன்னும் அருகே வருவோம். 1966இல் கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரிலே ஹியூயி நியூட்டனும் பாபி சீலும் கருஞ்சிறுத்தைக் கட்சியைத் தொடங்கினார்கள். தோட்டா நிரப்பிய துப்பாக்கியை வெளிப்படையாக ஏந்திச் செல்ல அப்போது அந்த மாநிலச் சட்டம் இடம் தந்தது. போலீசார் கறுப்பரை மறித்து மிரட்டும் இடங்களிலே இவர்கள் துப்பாக்கியோடு போய் நின்றார்கள். சட்டம் சொன்ன தூரத்திலே நின்றார்கள். சட்டப் புத்தகத்தையும் கையோடு கொண்டு போனார்கள்.

விளைவு? டான் மல்ஃபோர்டு என்ற சட்டமன்ற உறுப்பினர் தடை மசோதா கொண்டுவந்தார். அதை எதிர்த்து 1967 மே 2ஆம் நாள் சுமார் 30 பேர், அவர்களிலே பலர் ஆயுதம் ஏந்தி, சாக்ரமென்டோ சட்டமன்றக் கட்டடத்துக்கே போனார்கள். நாடு திடுக்கிட்டது. ஜூலை மாதமே மசோதா சட்டமாயிற்று. கையெழுத்திட்ட ஆளுநர் யார்? பின்னாளிலே துப்பாக்கி உரிமைக்காரர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடிய ரொனால்டு ரீகன்! மசோதாவை ஆதரித்த அமைப்பு எது? துப்பாக்கிக் கட்டுப்பாடு என்றாலே இன்று பதறி எழும் தேசிய ரைஃபிள் சங்கம்!

துப்பாக்கி மாறவில்லை. திருத்தம் மாறவில்லை. ஏந்திய கை மாறியது. சட்டமும் மாறியது.

சட்டம் ஒன்று; கண் இரண்டு

அது பழங்கதை, இப்போது எல்லோருக்கும் ஒரே சட்டம் என்பார்கள். ஏட்டிலே ஒரே சட்டம்தான். வீதியிலே?

ஒஹாயோ மாநிலத்தில் வெளிப்படையாகத் துப்பாக்கி தரிப்பது சட்டப்படி சரி. அங்கே 2014 ஆகஸ்டிலே ஒரு கறுப்பு இளைஞர், வயது 22, பெரிய கடை ஒன்றுக்குள் போனார். விற்பனைக்கு வைத்திருந்த காற்றுத் துப்பாக்கி ஒன்றைக் கையிலெடுத்தபடி, தொலைபேசியிலே பேசிக்கொண்டு நடந்தார். யாரோ போலீசுக்குச் சொன்னார்கள். வந்தார்கள், சுட்டார்கள், செத்தார். சுட்டவர்மேல் குற்றம் சாட்ட இடமில்லை என்றது நடுவர் குழு.

2020 ஆகஸ்டிலே விஸ்கான்சின் மாநிலத்தின் கெனோஷா நகரம். கலவர நேரம். 17 வயது வெள்ளைப் பையன் ஒருவன் நீண்ட ரைஃபிளோடு வீதியிலே திரிந்தான். மூவரைச் சுட்டான், இருவர் மாண்டனர். சுட்ட கையோடு, ரைஃபிளைத் தோளிலே தொங்கவிட்டுக் கொண்டு போலீஸ் வண்டிகளை நோக்கி நடந்தான். வண்டிகள் அவனைக் கடந்து போயின! தற்காப்பு என்று பின்னர் நீதிமன்றம் அவனை விடுவித்தது. தீர்ப்பைப் பற்றி நாம் பேச வரவில்லை. கடந்து போன வண்டிகளைப் பற்றித்தான் கேட்கிறோம். விற்பனைக்கிருந்த காற்றுத் துப்பாக்கி ஓரிடத்திலே உயிரைக் குடிக்கிறது. சுட்ட ரைஃபிள் மற்றோரிடத்திலே வழிவிடப் பெறுகிறது. சட்டம் குருடாக இருக்கலாம். அதை நடத்தும் ஆள் குருடன் அல்லவே!

அதே 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள், மிச்சிகன் சட்டமன்றம். கொரோனா கட்டுப்பாட்டை எதிர்த்து வந்த கூட்டத்திலே சிலர் நீண்ட துப்பாக்கிகளோடு உள்ளே நுழைந்து, பார்வையாளர் மாடத்திலே நின்றார்கள். கீழே உறுப்பினர்கள், சிலர் குண்டு துளைக்காத சட்டையோடு! இதிலே ஒரு வேடிக்கை கேளுங்கள். அந்தக் கட்டடத்துக்குள் கோரிக்கை எழுதிய அட்டையைத் தூக்கி வரத் தடை இருந்தது. துப்பாக்கியைத் தூக்கி வரத் தடை இல்லை! 2021 ஜனவரியிலேதான் அங்கே வெளிப்படையாக ஆயுதம் ஏந்துவதைத் தடுத்தார்கள்.

அட்டை ஆபத்து; ஆயுதம் உரிமை! இதைவிடத் தெளிவாக எவரும் சொல்லிவிட முடியாது.

அப்படியானால், நாமும் ஏந்துவதா?

இங்கே சூடான இரத்தமுள்ள தோழர் ஒருவர் எழுந்து, "ஏழையைத்தான் நிராயுதபாணி ஆக்குகிறார்கள் என்றால், ஏழையும் ஏந்தட்டுமே!" என்று கேட்பார்.

கேள்வி நியாயமானது. விடை கசப்பானது. ஏந்திப் பார்த்தார்கள், தோழரே! 1914இல் கொலராடோவின் லட்லோவிலே ராக்ஃபெல்லர் கம்பெனிச் சுரங்கத் தொழிலாளரிடம் துப்பாக்கி இருந்தது. எதிரே வந்ததோ மாநிலப் படை, இயந்திரத் துப்பாக்கியோடு. கூடாரங்கள் எரிந்தன. ஒரு கூடாரத்தின் அடியிலே பதுங்குகுழியில் பதினொரு குழந்தைகளும் இரண்டு பெண்களும் மூச்சுத் திணறி மாண்டார்கள். 1921இல் மேற்கு வர்ஜீனியாவின் பிளேர் மலையிலே ஆயிரக்கணக்கான சுரங்கத் தொழிலாளர் ஆயுதத்தோடு திரண்டார்கள். மத்தியப் படை வந்தது, போராட்டம் முடிந்தது, சங்கம் பல்லாண்டு படுத்துவிட்டது.

ஆனால், 1937இல் ஃபிளின்ட் நகரிலே ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர்கள் துப்பாக்கி ஏந்தவில்லை. எந்திரத்தை நிறுத்திவிட்டு ஆலைக்குள்ளேயே உட்கார்ந்தார்கள். போலீசார் கண்ணீர்ப்புகை வீசினார்கள், சுட்டார்கள்; ஆலையை விட்டு இவர்கள் அசையவில்லை. 44 நாள்! உலகின் மாபெரும் மோட்டார் கம்பெனி இறங்கி வந்து சங்கத்தை ஒப்புக்கொண்டது.

காரணம் எளிது. ஆயுதக் கணக்கிலே முதலாளியும் அவனுக்குத் துணைபோகும் அரசும் எப்போதும் முந்திவிடுவார்கள். ஆள் கணக்கிலே அவர்களால் முந்த முடியாது. நம் பலம் எண்ணிக்கை. நம் கருவி நா. நம் கோட்டை கூட்டம். அந்தக் கூட்டத்தின் ஓரத்திலே ஒருவன் துப்பாக்கியோடு வந்து நின்றால் போதும். அவன் சுட வேண்டியதில்லை, பேச வேண்டியதுமில்லை. குழந்தையோடு வந்த தாய் வீடு திரும்புவாள். கேள்வி கேட்க எழுந்தவன் உட்காருவான். ஒருவன் இடுப்பிலே இருக்கும் உரிமை, ஆயிரம் பேர் வாயிலே இருக்கும் உரிமையை விழுங்கிவிடும்.

ஆகவே நமது முடிவு இது. வீதியிலும், வாக்குச் சாவடியிலும், சட்டமன்றத்திலும், மக்கள் கூடும் எந்த இடத்திலும் ஆயுதத்தைக் காட்டி நடமாடும் உரிமை எவருக்கும் வேண்டாம். எவருக்கும் என்றால் எவருக்கும்தான்! கிங்குக்கு மறுத்துவிட்டு மற்றவனுக்குக் கொடுக்கும் கட்டுப்பாடு நமக்கு வேண்டாம். தொழிலாளியைத் தடுத்துவிட்டுக் கூலிப்படைக்குக் கதவைத் திறக்கும் கட்டுப்பாடும் வேண்டாம். தடை என்றால் அது மாளிகைக்கும் குடிசைக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

கடைசியாக ஒரு காட்சி. 1968, மெம்பிஸ் நகரம். குப்பை வண்டியின் அரைக்கும் எந்திரத்திலே சிக்கி இரண்டு தொழிலாளர் நசுங்கி மாண்டார்கள். சுமார் 1,300 கறுப்புத் துப்புரவுத் தொழிலாளர் வேலையை நிறுத்தினார்கள். துணை நிற்க வந்தார் கிங். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் துப்பாக்கி உரிமம் மறுக்கப்பட்ட அதே கிங்! வீதியின் ஓரத்திலே துப்பாக்கிச் சனியனை நீட்டியபடி படைவீரர் வரிசை. அதன் எதிரே ஒற்றை வரிசையாக நடந்தார்கள் தொழிலாளர்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் ஓர் அட்டை. அதிலே, 'நான் மனிதன்' என்ற சொற்கள்.

ஏப்ரல் 4ஆம் நாள் ஒரு ரைஃபிள் குண்டு கிங்கின் உயிரைப் பறித்தது. ஏப்ரல் 16ஆம் நாள் நகராட்சி பணிந்தது, சங்கத்தை ஒப்புக்கொண்டது, சம்பளத்தை உயர்த்தியது.

துப்பாக்கி தலைவரைக் கொன்றது. அட்டை வென்றது! மிச்சிகன் மாளிகைக்காரர்கள் அட்டைக்குத் தடை போட்டது ஏன் என்று இப்போது புரிகிறதா, தோழர்களே?