துவிச்சக்கரவண்டியும் முழங்காலும்: பொருத்தம் பற்றிய சில குறிப்புகள்

துவிச்சக்கரவண்டி ஓட்டுபவருக்கு முழங்கால் நோவு ஏற்படும்பொழுது அதற்கான காரணம் அவரது உடலிலேயே தேடப்படுவது வழமை. வயது, உடற்பருமன், பயிற்சிக் குறைவு என்பன எடுத்துக் கூறப்படும். உடல் பொறிக்கு இசைய வேண்டுமா, பொறி உடலுக்கு இசைய வேண்டுமா என்ற வினா அவ்வேளையில் எழுவதில்லை. நாம் ஈண்டு நோக்க விழைவது அவ்வினாவையே.

முழங்கால் பெரிதும் முன்பின்னாக மடங்குவதற்கென அமைந்த மூட்டு. அதற்கு மேலுள்ள இடுப்பும் கீழுள்ள கணுக்காலும் பாதமும் பக்கவாட்டிலும் அசையக்கூடியவை. ஆயின் வண்டியில் இடுப்பு இருக்கையிலும் பாதம் பெடலிலும் கட்டுண்டுவிடுகின்றன. இரு முனைகளிலும் உள்ள பிசகுகள் இடையிலுள்ள முழங்காலிலேயே வந்து சேருகின்றன. அழுத்தத்தின்போது பாதம் உட்புறமாகச் சரியுமாயின், கணைக்காலெலும்பு உள்நோக்கித் திரும்ப, முழங்கால் வண்டியின் சட்டத்தை நோக்கிச் சாய்கிறது. நடக்கையில் பாதம் ஒவ்வோரடியிலும் தன்னிடத்தைச் சற்றே மாற்றிக்கொள்ளும். பெடலிலோ ஒரே பாதைதான். நிமிடத்துக்கு 60 சுற்று என்ற சாதாரண வேகத்திலேயே ஒரு மணித்தியாலத்தில் ஒவ்வொரு காலும் 3,600 தடவை மடங்கி நீள்கிறது. பந்தய ஓட்டத்தின் 90 சுற்றாயின் 5,400 தடவை.

இப்பிரச்சினைக்கு ஒரு வரலாறு உண்டு. 1870களின் உயர்சக்கர வண்டியில் பெடல்கள் முன்சக்கரத்தின் அச்சிலேயே நேரடியாகப் பொருத்தப்பட்டிருந்தன. எனவே வாங்குபவரது கால் நீளத்துக்கேற்பவே சக்கரத்தின் அளவு தெரிவுசெய்யப்பட்டது. வண்டி உடலை அளந்தே வாங்கப்பட்டது எனலாம். ஆனால் அவ்வாறு அளந்து வாங்க வசதிபடைத்தோர் சிலரே. 1885இல் ஜோன் கெம்ப் ஸ்ராலி இங்கிலாந்தின் கொவென்றியில் வெளியிட்ட ‘றோவர்’ வண்டி, சங்கிலியின் துணையால் சக்கரத்தைக் கால் நீளத்தினின்றும் விடுவித்தது. தொழிற்சாலையில் ஒருசில அளவுகளிற் பெருந்தொகையாக உற்பத்திசெய்யவும், உழைக்கும் மக்கள் அதனை வாங்கவும் இதனால் வழி பிறந்தது. இது பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இன்றுவரை குட்டையானவருக்கும் நெட்டையானவருக்கும் பெரும்பாலும் 170 மில்லிமீற்றரை அண்டிய கிராங்குத் தண்டே வழங்கப்படுவது அம்முன்னேற்றத்தின் மறுபக்கமாகும்.

கைத்தொழிலாளி கருவியைப் பயன்படுத்துகிறான், ஆலைத்தொழிலாளியோ பொறிக்கு ஏவல் செய்கிறான் என்ற வேறுபாட்டை மார்க்ஸ் 1867இல் வெளியான ‘மூலதன’த்தில் விளக்கினார். துவிச்சக்கரவண்டி இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. ஓட்டுபவரே அதன் உந்துவிசையுமாவார். இந்த இரட்டைத்தன்மையைத் துலக்கமாகக் காட்டும் நிகழ்ச்சியொன்று உண்டு. பிரெஞ்சு வீரர் பெர்னார் இனோ 1983இல் முழங்கால் உபாதையால் துர் த பிரான்ஸ் போட்டியில் பங்குகொள்ளாது சத்திரசிகிச்சைக்கு உட்பட்டார். அடுத்த ஆண்டு பெர்னார் தப்பி என்னும் முதலாளியின் குழுவிற் சேர்ந்தார். பனிச்சறுக்குப் பிணைப்புகளைச் செய்துவந்த ‘லுக்’ நிறுவனமும் அவருடையதே. காலணியைப் பெடலுடன் பூட்டும் ‘லுக்’கின் புதுமுறையுடன் 1985இல் இனோ தமது ஐந்தாவது வெற்றியை ஈட்டினார். அம்முறை பாதத்தை இறுகப் பற்றியது. குதிகால் சிறிதேனும் திரும்புவதற்கு இடமளிக்கும் பற்றுத்துண்டுகள் பின்னரே பரவலாயின. சத்திரசிகிச்சைக்கு உள்ளான ஒரு முழங்கால் புதிய பண்டமொன்றின் விளம்பரமாயிற்று.

இனி, பொருத்தும் முறைக்கு வருவோம். இருக்கையின் உயரமே முதலிற் கவனிக்கப்பட வேண்டியது. உட்காலின் நீளத்தில் 109 வீதம் என்ற விதியை 1967இல் ஹம்லியும் தோமஸும் முன்வைத்தனர். அவர்கள் தேடியது குறுகிய நேரத்து உச்ச உழைப்பையே என்பது மனங்கொள்ளத்தக்கது. முழங்காலின் நலன் கருதுவோர், பெடல் மிகத் தாழ்ந்திருக்கையில் முழங்கால் 25 முதல் 35 பாகை வரை மடங்கியிருக்க வேண்டுமென்பர். இருக்கை தாழ்ந்தால் நோவு முழங்காற் சில்லின் முன்பக்கத்திலும், மிக உயர்ந்தால் பின்பக்கத்திலும் தோன்றுவது இயல்பு. முழங்காலிலிருந்து தூக்குநூல் விட்டுப் பெடலின் அச்சுக்கு நேராக்கும் பழைய முறைக்கு உறுதியான இயக்கவியல் அடிப்படை இருப்பதாக நாம் கருதவில்லை. தொடக்கப் புள்ளியாக மாத்திரம் அது உதவும்.

பாதத்தின் கோணத்தை அறிவதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. மேசை விளிம்பில் அமர்ந்து கால்களைத் தொங்கவிட்டால் ஒவ்வொரு பாதமும் எப்பக்கம் நோக்குகிறது என்பது புலனாகும். பற்றுத்துண்டை அக்கோணத்திலேயே திருகவேண்டும். இரு கால்களும் ஒரேமாதிரி இருப்பது அரிது. எனவே வலமும் இடமும் தனித்தனியே அமைக்கப்படவேண்டும். விரல்களை வலிந்து உட்புறம் திருப்பினால் முழங்காலின் வெளிப்பக்கமும், வெளிப்புறம் திருப்பினால் உட்பக்கமும் நோகலாம். பாதத்தின் உள்விளிம்பு இயல்பாகவே உயர்ந்திருப்போருக்குக் காலணிக்கும் பற்றுத்துண்டுக்கும் இடையே மெல்லிய ஆப்பொன்று போதும். இடுப்பு அகன்றவர்களுக்குப் பெடலின் அச்சில் ஒரு வாசரை இடலாம். ஒருவேளையில் ஒரு மாற்றம் மட்டுமே செய்து, சில நாட்கள் ஓட்டிப் பார்த்தல் அவசியம்.

இவ்வறிவு இன்று பெருநகரங்களில் உயர்விலைச் சேவையாக விற்கப்படுகிறது. பொழுதுபோக்காக ஓட்டுவோர் அதனை வாங்குகின்றனர். நாள்முழுதும் ஓட்டி உணவுப் பொதிகளை விநியோகிக்கும் தொழிலாளர் பலர் தமக்கு அளவில்லாத வண்டியிலேயே உழைக்கின்றனர். தட்டைப் பெடலில் பாதம் தானே தன்னிடத்தைத் தேடிக்கொள்ளும் என்பது அவர்களுக்குள்ள ஓர் அனுகூலம். எஞ்சியிருப்பது பெரும்பாலும் இருக்கையின் உயரமே. 1990களில் எரிபொருள் தடையின்கீழ் யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் துவிச்சக்கரவண்டியையே நம்பி வாழ்ந்தபோதும், அப்பனின் வண்டியை மகளும் மகனும் மாறிமாறி ஓட்டிய வீடுகளில் இருக்கை ஒரே உயரத்தில் துருப்பிடித்து இறுகிக் கிடந்ததுண்டு. அதனை இளக்கச் சிறிதளவு எண்ணெயும் ஒரு ஸ்பானரும் போதுமானவை.