மனத்தை அளக்கும் படிப்பு

“இன்னும் இரண்டு வருஷம் உளவியல் படிக்கிறேன், அப்பா” என்கிறாள் பட்டம் பெற்ற மகள். “பைத்தியம் பார்க்கிற படிப்பா? பணத்துக்கு எங்கே போவது?” என்கிறார் மரம் வெட்டிக் குடும்பத்தைக் காத்த தந்தை. இரண்டு கேள்விகளுமே நியாயமானவை.

மனநோய்க்கு மருந்து தருபவர் மருத்துவம் படித்த டாக்டர். சோதனை உளவியல் என்பது வேறு. மனிதன் எப்படிப் பார்க்கிறான், நினைக்கிறான், மறக்கிறான் என்பதை அளந்தறியும் அறிவியல் அது. 1879ஆம் ஆண்டு ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெம் வுண்ட் இதற்கென ஆய்வுக்கூடம் அமைத்தார். சரியாக நூறாண்டு கழித்து, 1979இல், மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை தோன்றியது.

ஓர் எடுத்துக்காட்டு. விடியுமுன் பெரட்டுக்கு எழுந்த நம் பெரியவர்களுக்குத் தூக்கக் குறைவு புதிதன்று. தூக்கம் குறைந்தால் கை எவ்வளவு தாமதிக்கும்? நன்றாகத் தூங்கியவர் ஒரு பிரிவு, தூக்கம் குறைந்தவர் மறு பிரிவு. விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்தவேண்டும். எவர் எந்தப் பிரிவு என்பதைச் சீட்டுக் குலுக்கியே முடிவு செய்வார்கள். இல்லாவிட்டால் வயதும் உடல்நலமும் கணக்கைக் கெடுத்துவிடும். இதுதான் சோதனை.

இத்துறையில் மேற்பட்டத்துக்கு இடம் பெறுவது எப்படி? முதலில் இளங்கலைப் பட்டம் வேண்டும். நம் பேராக்கிலேயே கம்பாரில் துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழகமும், தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமும் உளவியல் கற்பிக்கின்றன. அங்கே படிக்கும்போதே புள்ளியியலையும் ஆய்வு முறையையும் ஊன்றிப் பயிலவேண்டும். இறுதியாண்டு ஆய்வேட்டை நீங்களே நடத்திய சோதனையாக அமைத்துக்கொள்ளுங்கள். விரிவுரையாளரின் ஆய்வுகளில் உதவிக்குச் செல்லுங்கள்.

அடுத்தது, வழிகாட்டும் பேராசிரியரைத் தேடுவது. அவருடைய கட்டுரைகளைப் படித்துவிட்டு, எந்தக் கேள்வியை ஆராய விரும்புகிறீர்கள், அதை எப்படி அளப்பீர்கள் என்று சுருக்கமாக எழுதுங்கள். உங்கள் உழைப்பை நேரில் அறிந்த விரிவுரையாளர்களிடம் நற்சான்றுக் கடிதத்தை ஒரு மாதம் முன்பே கேளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. ஆலோசகராகப் பணிபுரிய 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி பதிவு வேண்டும். அதற்கு ஆலோசனைத் துறையிலேயே படிக்கவேண்டும். சோதனை உளவியலோ ஆய்வுக்கும் கற்பித்தலுக்குமான பாதை. பாதை மாறினால் ஆண்டுகள் வீணாகும்.

பணம்? ஆய்வு நிதியுள்ள பேராசிரியர், மாணவரை ஆய்வு உதவியாளராக ஊதியத்துடன் சேர்த்துக்கொள்வதுண்டு. அமெரிக்காவில் முனைவர் படிப்புக்கு இடம் தரும் பல பல்கலைக்கழகங்கள் கட்டணத்தை நீக்கி உதவித்தொகையும் தருகின்றன. இளங்கலை முடித்தவரே அதற்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம். ஆகவே, நகையை அடகு வைக்குமுன் விசாரியுங்கள்.

பெற்றோரே, “போதும்” என்று சொல்லுமுன் பிள்ளையிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: வழிகாட்டுபவர் யார்? செலவு யாருடையது? எத்தனை ஆண்டு? மூன்றுக்கும் தெளிவான விடை இருந்தால், வாழ்த்தி அனுப்புங்கள்.