காசடிக்கலாம், வாரிசு கூடாது!

புதுக்கோட்டை சமஸ்தானம் என்றதும் பத்திரிகைகள் காதல் கதைக்குத் தாவிவிடும். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915இல் மெல்போர்னில் ஆஸ்திரேலியப் பெண் மோலி ஃபிங்கைக் கைப்பிடித்த கதைக்கு இன்றும் கிராக்கி குறையவில்லை. ஆனால் அந்த அரசு எப்படி நடந்தது என்பதை அறிய, ஒரு சில்லறைக் காசைப் பார்த்தாலே போதும்.

அதுதான் அம்மன் காசு. விரல் நுனியில் அடங்கும் செம்பு வில்லை. ஒருபுறம் பிரகதாம்பாள் அமர்ந்திருப்பாள், மறுபுறம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’. இருபது காசு சேர்ந்தால் ஒரு அணா. நவராத்திரி தானத்தில் அரிசியோடு இதையும் கொடுத்தார்கள். பிற்காலத்தில் இது இங்கிலாந்தின் பர்மிங்காமில் அச்சாகிக் கப்பலேறி வந்தது. சொந்த நாணயம் வைத்துக்கொள்ள ஆங்கிலேயர் விட்டுவைத்தனர். 11 குண்டு மரியாதையும் உண்டு. 1803இல் கீழாநிலைக் கோட்டையைக் கொடுத்தபோது ஆண்டுக்கொரு யானை கப்பமாகக் கேட்டார்கள். 1836இல் அதையும் தள்ளுபடி செய்தார்கள்.

வாரிசு என்று வந்தபோதுதான் பிடி இறுகியது.

மோலியை மகாராணியாக ஆங்கிலேயர் ஏற்கவில்லை. மகனுக்கும் அரியணை இல்லை. மன்னர் வெளிநாட்டிலேயே தங்கி, 1928இல் பாரிஸில் காலமானார். வேறு கிளையைச் சேர்ந்த ஆறு வயதுச் சிறுவன் ராஜகோபாலத் தொண்டைமானுக்குப் பட்டம் கட்டினார்கள். 1934 முதல் 1946 வரை நிர்வாகம் ஓர் ஆங்கிலேய அதிகாரி கையில் இருந்தது. அதனால் நிர்வாகம் சீர்பட்டது என்போரும் உண்டு.

1948 மார்ச் 3 அன்று சமஸ்தானம் இந்திய யூனியனில் இணைந்து திருச்சி மாவட்டத்தோடு சேர்ந்தது. 1974இல் தனி மாவட்டமானது. அரண்மனையில் இப்போது ஆட்சியர் அலுவலகம்.

அந்த அரசைப் பற்றி விரிவாகச் சொல்லும் சமஸ்தானக் கையேடு 1938 தொடங்கி 1944 வரை தொகுதி தொகுதியாக வந்தது; ஆனால் ஆங்கிலத்தில். வரி, நிலம், கோயில், கண்மாய் என ஊர் ஊராகத் தகவல் குவிந்திருக்கும் நூல் அது. மெல்போர்ன் கல்யாணத்தைச் சொல்லத் தெரிந்த உள்ளூர்ப் பிள்ளைக்குத் தன் ஊர்க் கண்மாயின் கதை தெரியாமல் போகிறது. அந்தப் பக்கங்களைப் பிரித்து, எளிய தமிழில் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுபோகப் பெரிய செலவொன்றும் பிடிக்காது. அடுத்த காதல் தொடருக்குப் பக்கம் ஒதுக்குமுன் யாராவது இதைத் தொடங்கலாம்.