வீட்டில் ஐந்து பேர், யாருக்கு வரும்?



திருவண்ணாமலையிலிருந்து செங்கம் போகும் சாலையோரக் கிராமத்தில் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். தகப்பன் கட்டட வேலைக்குப் பெங்களூர் போனவர். பல வாரத்து இருமலோடும் இளைத்த உடம்போடும் ஊர் திரும்பினார். சளிப் பரிசோதனையில் காசநோய் என்று தெரிந்தது. மாத்திரை தொடங்கியாயிற்று; ஆறு மாதம் தவறாமல் சாப்பிட்டால் சுகமாகலாம். ஆனால் அதே ஒற்றை அறை வீட்டில் அவருடைய தாயார், மனைவி, மூன்று பிள்ளைகள் ஆக ஐந்து பேர் இத்தனை நாளும் அவர் இருமிய காற்றையே சுவாசித்திருக்கிறார்கள். "இனி எங்களில் யாருக்கு வரும், டாக்டர்?" என்று அந்த மனைவி கேட்டால் என்ன பதில் சொல்வது?

காசநோய்க் கிருமியை 1882இல் ராபர்ட் காக் கண்டுபிடித்தார். ஆயினும் இந்தக் கேள்விக்கு இன்றுவரை முழுப் பதில் இல்லை. உலக மக்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவரது உடலில் இக்கிருமி நுழைந்திருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. ஆனால் அவர்களில் 100க்கு 5 முதல் 10 பேர்தான் வாழ்நாளில் வியாதிப்படுகிறார்கள். மற்றவர்களில் உடலின் எதிர்ப்பு சக்தி கிருமியை அடக்கி வைத்துவிடுகிறது. கையில் ஊசி போட்டுப் பார்க்கும் தோல் பரிசோதனை, கிருமி உள்ளே நுழைந்ததா என்று மட்டும் சொல்லும். எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் வியாதி பிடித்த பிறகே காட்டும். இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள காலத்தில் உடலுக்குள் என்ன நடக்கிறது? அதை ஒரு சிறு குழாய் இரத்தத்திலிருந்து வாசிக்கும் முயற்சியைப் பற்றியே இக்கட்டுரை.

ஒரே புத்தகம், வேறு வேறு பாட்டு

நம் ஆலயங்களில் எல்லாருடைய கையிலும் இருப்பது ஒரே பாட்டுப் புத்தகம். கல்யாணத்திற்கும் அதுவே, அடக்க ஆராதனைக்கும் அதுவே, அறுப்பின் பண்டிகைக்கும் அதுவே. ஆனால் தாமதமாக வந்து வாசலில் நிற்கிறவர்கூட, சுவரிலுள்ள பலகையில் எழுதிய பாட்டு எண்களைப் பார்த்தவுடன் உள்ளே நடப்பது என்ன ஆராதனை என்று கண்டுகொள்வார்.

நம் உடலின் செல்களும் இப்படியே. ஏறக்குறைய எல்லா செல்லுக்குள்ளும் டி.என்.ஏ. என்ற ஒரே புத்தகம் இருக்கிறது. அதில் புரதங்களைச் செய்வதற்கான சுமார் 20,000 மரபணுக்கள் உண்டு. தோல் செல்லும் இரத்த வெள்ளை அணுவும் வேறுபடுவது, அந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கங்களைத் திறக்கின்றன என்பதனால்தான். ஒரு மரபணு வேலை செய்யத் தொடங்கும்போது அதிலிருந்து ஆர்.என்.ஏ. என்னும் நகல்கள் எடுக்கப்படுகின்றன. அந்த நகலைப் பார்த்தே செல் புரதத்தைச் செய்கிறது. எந்த நகல் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால், அந்த நேரத்தில் செல் என்ன வேலையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஆர்.என்.ஏ. நகல்களே செல்லின் பாட்டு எண் பலகை.

1990களின் நடுவில் வந்த மரபணுச் சில்லுகள், ஆயிரக்கணக்கான மரபணுக்களின் நகல்களை ஒரே நேரத்தில் அளக்க வழி செய்தன. இப்போது நகல்களை நேரடியாகவே வாசித்து எண்ணும் கருவிகள் உள்ளன. ஆர்.என்.ஏ. விரைவில் சிதைந்துபோகும் பொருள். ஆகவே எடுத்த இரத்தத்தை உடனே காப்பு மருந்துள்ள குழாயில் சேர்க்க வேண்டும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்ப்பது நல்லது. அரசு மருத்துவமனைகளில் இப்போது சளியைச் சோதிக்கும் ஜீன்எக்ஸ்பெர்ட், ட்ரூநாட் கருவிகளும் மரபணுப் பரிசோதனைக் கருவிகள்தான். ஆனால் அவை தேடுவது கிருமியின் மரபணுவை. நாம் இங்கே பேசுவது, கிருமியைக் கண்ட நம்முடைய செல்கள் எழுப்பும் சத்தத்தை. சளி எடுக்க முடியாத சிறு பிள்ளைகளுக்கு இது முக்கியமான வேறுபாடு.

இரத்தம் என்ன சொன்னது?

லண்டனிலும் தென் ஆப்பிரிக்காவிலும் நடந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வு இத்துறைக்குத் திருப்பமாக அமைந்தது. காசநோயாளிகளின் இரத்தத்தில் 393 நகல்கள் சேர்ந்த ஒரு தனி அமைப்பு காணப்பட்டது. இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் பொருளால் தூண்டப்படும் மரபணுக்கள், நியூட்ரோஃபில் என்னும் வெள்ளை அணுக்களில் மிகுதியாக வேலை செய்துகொண்டிருந்தன. சிகிச்சை நடக்க நடக்க அந்த அமைப்பு மங்கிப்போயிற்று.

அதைவிட ஆச்சரியமானது 2016இல் வெளியானது. தென் ஆப்பிரிக்காவில் 6,000க்கும் மேற்பட்ட வளரிளம் பிள்ளைகளிடம் இரத்தம் எடுத்து வைத்துக்கொண்டு, அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். பின்னால் வியாதிப்பட்டவர்களின் பழைய இரத்தத்தை எடுத்து வாசித்தபோது, 16 மரபணுக்கள் வியாதி கண்டுபிடிக்கப்படுவதற்கு ஓர் ஆண்டு முன்பிருந்தே குரல் கொடுத்திருந்தன. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேரை இந்த அடையாளம் சரியாகக் காட்டியது. மூன்றில் ஒருவரைத் தவறவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்த அடையாளங்கள் நம் மக்களுக்கும் பொருந்துமா? புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2018இல் பதில் தந்தது. வெளிநாடுகளில் கண்டறிந்த இரத்த அடையாளங்கள், தென்னிந்தியரிலும் வியாதி உள்ளவர்களை, கிருமி மட்டும் உறங்குகிறவர்களிடமிருந்து நன்றாகப் பிரித்துக் காட்டின. 3 மரபணுக்களை மட்டும் அளந்து, விரல் நுனி இரத்தத்தில் விரைவாக முடிவு சொல்லும் பரிசோதனையும் பல நாடுகளில் சோதித்துப் பார்க்கப்பட்டுள்ளது.

ஆயினும் அவசரப்படக் கூடாது. தென் ஆப்பிரிக்காவில் 11 மரபணு அடையாளத்தால் ஆபத்துள்ளவர்கள் என்று கண்டவர்களுக்குத் தடுப்பு மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். அதனால் வியாதிப்படுவோர் எண்ணிக்கை குறையவில்லை என்று 2021இல் அறிவித்தார்கள். ஆபத்தைக் கண்டுபிடிப்பது ஒன்று, அதை நீக்குவது வேறொன்று.

தொழுநோயிலும் புற்றுநோயிலும்

காசநோய்க் கிருமிக்கு உறவான தொழுநோய்க் கிருமி இன்னும் மெதுவாக வேலை செய்வது. தேமல் தோன்றப் பல ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் நரம்பு கெட்டுக் கைவிரல் மடங்கிப் போவதும் உண்டு. நம் மாவட்டத்துச் சேத்துப்பட்டிலும் வேலூரை அடுத்த கரிகிரியிலும் இவ்வியாதிக்கென்றே மருத்துவமனைகள் எழுந்ததற்குக் காரணம் நீங்கள் அறிந்ததே. வங்காளதேசத்தில் தொழுநோயாளிகளின் வீட்டாரும் நெருங்கியவர்களுமாக 5,352 பேரின் இரத்தம் சேகரிக்கப்பட்டது. அவர்களில் பின்னால் வியாதிப்பட்டவர்களின் இரத்தத்தில் 4 மரபணுக்களின் அடையாளம் முன்கூட்டியே இருந்ததாக 2021இல் வெளியிட்டார்கள். சிலருக்கு வியாதி வெளிப்பட்டது இரத்தம் கொடுத்து ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு!

புற்றுநோயில் வாசிக்கப்படுவது கெட்டுப்போன செல்லின் பலகையே. இருவகை இரத்தப் புற்றுநோய்களை மரபணு வேலையை வைத்தே பிரிக்கலாம் என்று 1999இல் காட்டினார்கள். மார்பகப் புற்றுக் கட்டியில் 21 மரபணுக்களை அளக்கும் பரிசோதனையின் உதவியால், ஆரம்ப நிலையிலுள்ள பல பெண்கள் கீமோதெரபி இல்லாமலே பாதுகாப்பாக இருக்கலாம் என்று 2018இல் ஒரு பெரிய ஆய்வு உறுதிப்படுத்தியது. ஆனால் அந்தப் பரிசோதனையின் செலவு சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாதது.

பசியும் அந்தப் பலகையில் உண்டு

ஜிப்மரை மையமாகக் கொண்ட அதே ஆய்வுக் கூட்டத்தார் 2022இல் வெளியிட்ட முடிவு நம்மை நிறுத்தி யோசிக்க வைக்கிறது. காசநோயாளியின் வீட்டாரில் சத்துக்குறைவுள்ளவர்களையும் நல்ல உடல்வாகு உள்ளவர்களையும் ஒப்பிட்டார்கள். மெலிந்தவர்களின் இரத்தத்தில் அழற்சி மரபணுக்கள் கூடுதலாக வேலை செய்தன. காசநோய் வரும் ஆபத்தைக் காட்டும் அடையாளங்களும் கூடுதலாக இருந்தன. அரைவயிற்றுச் சாப்பாடு செல்லின் உள்ளே எழுதியதைக் கருவி வாசித்துக் காட்டியிருக்கிறது.

அப்படியானால் சாப்பாடு கொடுத்தால் ஆபத்து குறையுமா? ஜார்க்கண்டில் நடந்த ரேஷன்ஸ் என்ற ஆய்வு இதற்குப் பதில் தந்தது. மங்களூரைச் சேர்ந்த டாக்டர் அனுராக் பார்கவா, டாக்டர் மாதவி பார்கவா ஆகியோர், சென்னை காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தாரோடு சேர்ந்து இதை நடத்தினார்கள். 2,800 நோயாளிகளும், அவர்கள் வீட்டார் 10,345 பேரும் இதில் இருந்தார்கள். நோயாளிகள் எல்லாருக்கும் உணவு கிடைத்தது. பாதிக் குடும்பங்களில் மட்டும், மற்றப் பெரியவர்களுக்கும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும், கூடவே சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். அந்தக் குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. 2023இல் இம்முடிவு வெளியானது.

தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் தொடங்கிய "காசநோய் இறப்பில்லா திட்டம்" இதே பாடத்தை வேறு வகையில் கைக்கொண்டிருக்கிறது. நோயாளி மிகவும் மெலிந்திருக்கிறாரா, மூச்சு வாங்குகிறதா, துணையின்றி எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்த்து, ஆபத்தானவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். இதற்கு வேண்டியவை எடை பார்க்கும் கருவி, உயரம் அளக்கும் கோல், விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் சிறு கருவி, கவனமுள்ள ஒரு செவிலியர், அவ்வளவே.

அந்த மனைவிக்குப் பதில்

ஒருநாள் விரல் நுனி இரத்தத்தை வைத்து, "பாட்டிக்கும் கடைசிப் பிள்ளைக்கும் ஆபத்து, மற்றவர்களுக்குப் பயமில்லை" என்று சொல்லும் காலம் வரலாம். அந்த ஆராய்ச்சி நடக்க வேண்டும், அதைப் பாராட்டுவோம். ஆனால் அந்த மனைவி இன்றே கேட்கிறாள்.

இன்று நாம் சொல்லக்கூடிய பதில் இது: "அம்மா, யாருக்கு வரும் என்று பெயர் சொல்ல எங்களால் முடியாது. ஐந்து பேரையும் கூட்டி வாருங்கள். இருமல், காய்ச்சல், எடை குறைவு உண்டா என்று பார்த்து, வேண்டியவர்களுக்கு எக்ஸ்ரே எடுப்போம். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளையை முதலில் பார்ப்போம். வியாதி இல்லை என்று தெரிந்தவர்களுக்குத் தடுப்பு மாத்திரை உண்டு. தினமும் சாப்பிடுவதானால் ஆறு மாதம், வாரம் ஒருமுறை சாப்பிடுவதானால் 12 வாரம். உங்கள் கணவருக்கு 2024 நவம்பர் முதல் அரசு உயர்த்தித் தரும் மாதம் 1,000 ரூபாய் உணவுத் தொகைக்குப் பெயர் பதிவாயிற்றா என்று பார்ப்போம். எல்லாரையும் எடை பார்ப்போம். எடை குறைவானவர் தட்டில் பருப்பு விழுகிறதா என்று நாங்களும் கேட்போம், நீங்களும் பாருங்கள்."

உங்களில் பலர், "இந்தப் புதிய பரிசோதனைக் கருவி நம்மிடம் உண்டா?" என்று கேட்கலாம். இப்போதைக்கு அது ஆராய்ச்சிக் கூடங்களின் கருவி. அது கற்றுத் தந்த பாடமோ எந்தச் சிறு மருத்துவமனைக்கும் உடனே பயன்படும்: நோயாளி ஒருவர் வாசலுக்கு வரும்போது, வீட்டில் இருக்கும் ஐந்து பேரையும், அவர்கள் வீட்டு அரிசிப் பானையையும் சேர்த்தே விசாரிக்க வேண்டும்.