விமான நிலைய வாசலில் இரு கார்கள்: காத்திருப்பு நேரம் பற்றிய ஒரு நோக்கு

நியூயோர்க் நகரின் ஜோன் எவ். கென்னடி விமான நிலையத்தில் வந்திறங்கும் ஒருவர், குடிவரவுப் பகுதியையும் சுங்கப் பகுதியையும் கடந்து வெளியே வந்ததும் எடுக்கவேண்டியிருக்கும் முதலாவது பொருளாதாரத் தீர்மானம், நகருக்குள் எவ்வாறு செல்வது என்பதேயாகும். மஞ்சள் டாக்சி வரிசையில் நிற்பதா, அன்றிக் கைத்தொலைபேசியில் ஊபர், லிவ்ற் முதலிய கம்பனிகளின் செயலியைத் திறந்து ஒரு காரை அழைப்பதா? ஆய்வரங்குகளுக்கெனச் செல்லும் நம்மவர் புறப்படுமுன் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்ளும் விடயங்களுள் இதுவுமொன்று. எது மலிவு என்பதே வழக்கமான கேள்வி. அக்கேள்வி தவறானதன்று, ரூபாவை டொலராக மாற்றிப் பழகிய எவரும் அதனை இகழமாட்டார். ஆயின் அதற்கு விடை தேடிச் செல்லுமிடத்து, அவ்விலை யாரால், யாருடைய செலவில் தீர்மானிக்கப்படுகிறது என்னும் இன்னொரு கேள்வி எதிர்ப்படுகிறது. இலக்கிய மாணவனொருவன் இதில் தலையிடுவதற்கு அவ்விரண்டாவது கேள்வியே காரணம்.

முதலில் நடைமுறையை நோக்குவோம். டாக்சித் தரிப்பிடத்தில் ஊழியரொருவர் வரிசையை ஒழுங்குபடுத்திக் காரைக் காட்டுவார். வருகை மண்டபத்துள்ளேயே அணுகி ‘டாக்சி வேண்டுமா?’ எனக் கேட்போர் சட்டவிரோதமாகத் தொழில் செய்பவர்கள். அவர்களைத் தவிர்த்தல் வேண்டும். மன்ஹற்றன் பகுதிக்குச் செல்வோருக்கு மீற்றர் கணக்கு இல்லை, நிலைக்கட்டணம் உண்டு. 1996 இல் இம்முறை தொடங்கியபோது அது 30 டொலர். 2012 இல் 52 டொலராகவும், 2022 டிசெம்பரில் 70 டொலராகவும் உயர்த்தப்பட்டது. வாரநாட்களில் மாலை 4 மணி முதல் 8 மணி வரை மேலும் 5 டொலர் உண்டு. இவற்றுடன் மாநிலமும் நகரமும் அறவிடும் சிறு சிறு வரிகள், பாலங்களுக்கோ சுரங்கப் பாதைகளுக்கோ உரிய கட்டணம், சாரதிக்கு வழக்கமாகக் கொடுக்கும் 15 முதல் 20 வீதம் ஆகியனவும் சேர, தொகை 90 டொலரளவிலோ சற்று மேலாகவோ வந்து நிற்கும். வழியில் எத்துணை நெரிசல் இருப்பினும் நிலைக்கட்டணம் மாறாது. புறூக்ளின், குயீன்ஸ் முதலிய பகுதிகளுக்குச் செல்வோருக்கோ மீற்றர் காட்டுவதே கணக்கு.

செயலியின் விலை இத்தகைய அட்டவணை எதிலும் இல்லை. சேருமிடம், அவ்வேளையிலுள்ள கேள்வி, அண்மையில் நிற்கும் கார்களின் தொகை ஆகியவற்றைக் கொண்டு கம்பனியின் கணினி அதனைக் கணிக்கிறது. அமைதியான முற்பகலொன்றில் அது டாக்சியிலும் குறைவாயிருத்தல் கூடும். ஐந்தாறு விமானங்கள் ஒருமித்து இறங்கும் மழைக்கால மாலையில் அதனைப் பெரிதும் விஞ்சுதலுங் கூடும். காரில் ஏறுமுன்னரே தொகை தெரியவருகிறது என்பது பயணிக்கு நன்மை. அத்தொகை ஏன் அவ்வாறாயிற்று என்பது மட்டும் ஒருபோதும் தெரியவருவதில்லை. ஆகவே, எது மலிவு எனக் கேட்போருக்கு விடை சுருக்கமானது. நெரிசல் வேளையிலும் மழையிலும் மன்ஹற்றனுக்குச் செல்வோர் டாக்சியை நாடலாம். ஏனைய இடங்களுக்குச் செல்வோர் செயலியில் விலையைப் பார்த்துத் தீர்மானிக்கலாம்.

இனி இரண்டாவது கேள்வி. மூலதனம் நூலின் இரண்டாம் பாகத்திலே போக்குவரத்துத் தொழிலைப் பற்றிக் கூறும் மார்க்ஸ், அத்தொழில் விற்பது இடமாற்றத்தையே என்றும், அது உற்பத்தியாகும் கணத்திலேயே நுகரப்பட்டுவிடுகிறது என்றும் காட்டுகிறார். நெல்லைக் களஞ்சியத்தில் இட்டுவைப்பதுபோல ஓட்டத்தை இட்டுவைக்க இயலாது. இதிலிருந்து பெறப்படுவது யாதெனில், பயணி வேண்டிய கணத்தில் கார் கிடைக்கவேண்டுமாயின், அதற்கு முன்னர் எங்கோ ஒரு கார் ஒரு சாரதியுடன் வெறுமனே நின்றிருத்தல் வேண்டும் என்பதாகும். காத்திருப்பு இத்தொழிலின் தவிர்க்கவியலாத உற்பத்திச் செலவு. அச்செலவை ஏற்பவர் யார்? டாக்சிக்கும் செயலிக்கும் இடையேயுள்ள வேறுபாட்டையும், அவற்றினிடையே பலர் காணத் தவறும் ஒற்றுமையையும் இவ்வினாவே துலக்குகிறது.

விமான நிலைய எல்லைக்குள், பயணிகளின் கண்ணிற்படாத இடத்தில், டாக்சிகளுக்கென ஒரு காத்திருப்புத் திடல் உண்டு. தெற்காசியாவிலிருந்தும் ஹெயிட்டியிலிருந்தும் மேற்காபிரிக்காவிலிருந்தும் குடிபெயர்ந்தோர் பெருந்தொகையினராயுள்ள தொழில் இது. ஒரு மணித்தியாலம், சிலவேளை அதற்கும் மேலாக அங்கு நின்ற பின்னரே சாரதி பயணியை ஏற்ற அழைக்கப்படுவார். அவ்வாறு நின்றவருக்கு, கூப்பிடு தூரத்திலுள்ள குயீன்ஸ் தெருவொன்றுக்குச் செல்லும் பயணி வாய்த்தால் அன்றைய உழைப்பிற் பெரும்பகுதி வீணாகும். ஆகையால், குறுந்தூரம் சென்று விரைவில் திரும்புபவரை வரிசையின் கடைசிக்குத் தள்ளாது முன்னே விடும் சீட்டு முறையொன்று ஏற்பட்டது. சாரதிகள் அதனை ‘ஷோட்டி’ என்பர். காத்திருப்புக்கும் பெறுமதி உண்டென ஒப்புக்கொள்ளும் சிறியதோர் ஏற்பாடு அது. நிலைக்கட்டணத்தினுள்ளும் ஓடிய தூரத்துக்கு மட்டுமன்றி நின்ற நேரத்துக்குமான ஒரு பங்கு அடங்கியிருப்பதாகவே கொள்ளல் வேண்டும். மேலும், அக்கட்டணம் பகிரங்கமாகத் தீர்மானிக்கப்படுவது. 1971 இல் அமைக்கப்பட்ட டாக்சி, வாடகைக் கார் ஆணைக்குழு அதனை மாற்றுவதாயின் பொது விசாரணை நடத்தி வாக்களித்தல் வேண்டும். சாரதிகள் அங்கு சென்று வாதாடலாம், வாதாடியுமிருக்கின்றனர்.

எனினும் டாக்சித் தொழிலை இலட்சியமயப்படுத்திவிடலாகாது. நம் முற்போக்காளர் சிலரிடம் காணப்படும் குறைபாடு அது: புதியதன் கொடுமையைக் கண்டவுடன் பழையதற்குப் பொற்காலம் கற்பித்துவிடுவர். 1937 இல் நிறைவேறிய ஹாஸ் சட்டம் டாக்சிகளின் தொகைக்கு வரம்பிட்டது. ஒவ்வொரு காரிலும் ‘மெடாலியன்’ எனப்படும் அனுமதித் தகடு பொருத்தப்படல் வேண்டும். தொடக்கத்தில் அதன் விலை 10 டொலர். தொழில் செய்வதற்கான அனுமதியாக இருந்த அத்தகடு காலப்போக்கில் வாங்கி விற்கும் சொத்தாகி, 2014 அளவில் பத்து இலட்சம் டொலரைத் தாண்டிற்று. இதனிடையே, 1979 இல் குத்தகை முறை சட்டபூர்வமாக்கப்பட்டது. அதுவரை வசூலில் ஒரு பங்கைக் கூலியாகப் பெற்றுவந்த சாரதி, அதன்பின் காரை வாடகைக்கு எடுத்து, வாடகையும் எரிபொருளும் கழிந்த பின்னரே தனக்கென உழைக்கத் தொடங்குபவரானார். நம் குத்தகை விவசாயியின் நிலைக்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை. விளைச்சல் பொய்த்தாலும் குத்தகை பொய்க்காது. காத்திருப்பின் செலவு முழுவதும் சாரதியின் தலையில் விழுந்தது அப்போதுதான். ஊபர் கம்பனி 2011 இல் நியூயோர்க்குக்கு வருவதற்கு முப்பதாண்டுகளுக்கு முன்னரே சாரதி ‘சுயாதீன ஒப்பந்தக்காரர்’ ஆகிவிட்டார் என்பது மனங்கொள்ளத்தக்கது. புதிய தொழில்நுட்பம் இவ்வுறவைப் படைக்கவில்லை. இருந்ததைக் கண்டெடுத்துப் பெருக்கியது.

பயணிகளின் தரப்பிலும் டாக்சிமீது நியாயமான குறை உண்டு. கறுப்பின மக்களைக் கண்டால் நிறுத்தாது செல்வதும், மன்ஹற்றனுக்கு வெளியே வர மறுப்பதும் பல்லாண்டுகளாக நிலவிய வழக்கங்கள். 1999 இல் புகழ்பெற்ற நடிகர் டனி குளோவரே இதுபற்றி முறைப்பாடு செய்ய நேர்ந்தது. செயலி வந்தபோது, தெருவோரத்தில் கைகாட்டி அவமானப்பட்டவர்கள் அதனை வரவேற்றதில் வியப்பில்லை.

செயலிகளைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் சொல் ‘ரைட்ஷெயர்’ என்பது. பயணப் பகிர்வு எனத் தமிழாக்கலாம். அயலார் இருவர் ஒரே காரில் வேலைக்குச் சென்று எரிபொருட் செலவைப் பங்கிட்டுக்கொள்ளும் பழைய வழக்கத்துக்கு அச்சொல் பொருந்தும். இங்கோ பகிரப்படுவது எதுவுமில்லை. ஒருவர் உழைக்கிறார், ஒருவர் பணம் கொடுக்கிறார், மூன்றாமவர் இருவருக்குமிடையே நின்று பங்கெடுக்கிறார். சாரதியைத் தொழிலாளி எனக் கூறாது ‘பங்காளர்’ என்றதும் அதே சொற்களஞ்சியத்தைச் சேர்ந்ததே. கருத்துநிலை சொல்லின் வழியே எவ்வாறு புகுகின்றது என்பதற்கு வகுப்பறையில் இதனிலும் நல்ல எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது.

பொத்தானை அழுத்திச் சில நிமிடங்களில் கார் வந்து நிற்பதைப் பயணிகள் தொழில்நுட்பத்தின் அற்புதமாகக் கொள்வர். 2018 அளவில் நியூயோர்க்கின் ஏறத்தாழ 13,600 மஞ்சள் டாக்சிகளுக்கு எதிரே, செயலிகள்வழி இயங்கிய கார்கள் 80,000 ஐத் தாண்டியிருந்தன. அற்புதம் அத்தொகையிலேதான் இருக்கிறது. கார் சாரதியுடையது, எரிபொருட் செலவு அவருடையது, வெறுமனே சுற்றும் நேரமும் அவருடையது. எனவே கார்கள் எத்துணை பெருகினும் கம்பனிக்குச் செலவில்லை, பயணிக்கோ காத்திருப்புக் குறைகிறது. பயணி மீதப்படுத்திய நிமிடங்கள், எங்கோ ஒரு தெருமுனையிற் கூலியின்றி நின்றவரின் மணித்தியாலங்கள். துண்டுக்கூலி பற்றிய அத்தியாயத்திலே மார்க்ஸ் குறிப்பிடும் இயல்புகள் — தொழிலாளி தானே விரும்பித் தன் வேலைநாளை நீட்டிக்கொள்ளுதல், சுதந்திர உணர்வோடு சகதொழிலாளருடன் போட்டியிடல் — இங்கு அச்சொட்டாகக் காணக்கிடக்கின்றன.

இக்காத்திருப்புக்கு விலை விதிக்கும் முயற்சி 2018 டிசெம்பரில் நிகழ்ந்தது. சாரதி பயணியின்றி நிற்கும் நேரத்தையும் சூத்திரத்தில் அடக்கி, செலவுகள் போக மணித்தியாலத்துக்கு 17.22 டொலர் கிடைக்குமாறு ஆணைக்குழு குறைந்தபட்ச ஊதியத்தை விதித்தது. அமெரிக்க நகரங்களுள் இதுவே முதலாவது. கம்பனிகளின் மறுமொழி கவனிக்கத்தக்கது. கேள்வி குறைந்த வேளைகளில் சாரதிகள் செயலியினுள் நுழையவொண்ணாது பூட்டினர். 2019 இலும், மீண்டும் 2024 இலும் இது நடந்தது. காத்திருப்புக்கு விலை வந்ததும் காத்திருப்பவரையே கணக்கிலிருந்து நீக்கிவிட்டனர். இதற்கு முந்திய ஆண்டுகளில் சாரதிகளின் வருவாயிலிருந்து முறைகேடாகக் கழிக்கப்பட்ட தொகைகள் தொடர்பாக, மாநிலச் சட்டமா அதிபருடன் 2023 இல் ஏற்பட்ட இணக்கத்தின்படி ஊபர் 290 மில்லியன் டொலரும் லிவ்ற் 38 மில்லியன் டொலரும் கொடுக்க உடன்பட்டன.

காத்திருப்பு ஆயுதமாகவும் ஆகலாம். முஸ்லிம்கள் பெரும்பான்மையினராய் வாழும் ஏழு நாடுகளின் மக்கள் அமெரிக்காவுள் நுழைவதைத் தடுத்து ஜனாதிபதி ட்ரம்ப் ஆணை பிறப்பித்த மறுநாள், 2017 ஜனவரி 28 ஆந் திகதி, இதே விமான நிலையத்தின் முன் மக்கள் திரண்டனர். அன்று மாலை 6 மணி முதல் 7 மணி வரை அங்கு பயணிகளை ஏற்றுவதில்லை என நியூயோர்க் டாக்சித் தொழிலாளர் கூட்டணி அறிவித்தது. 1998 இல் நகரெங்கும் டாக்சி வேலைநிறுத்தத்தை நடத்திய அதே அமைப்பு அது. உறுப்பினருட் பலர் முஸ்லிம்கள். அந்த ஒரு மணித்தியாலம் முடிந்த சிறிது நேரத்தில், விமான நிலையத்தில் விலையேற்றத்தை நிறுத்திவிட்டதாக ஊபர் அறிவித்தது. வேலைநிறுத்தத்தை முறியடிப்பது தனது நோக்கமன்று எனக் கம்பனி பின்னர் விளக்கியபோதும், இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதன் கணக்குகளை நீக்கினர். பயணிகள் தம் தெரிவை அரசியற் செயலாக உணர்ந்த அரிய தருணம் அது.

ஆயின் தகடு வாங்கக் கடன்பட்ட டாக்சிச் சாரதிகளை அவ்வெழுச்சி காக்கவில்லை. செயலிகளின் வருகையோடு தகட்டின் விலை சரிந்தது. 2018 இல் சாரதிகள் பலர் தம்முயிரை மாய்த்துக்கொண்டனர். பழி முழுவதையும் ஊபர்மீது சுமத்துவது எளிது. விலை வானளாவ ஏறக் காரணமாயிருந்தவை, திருப்பிக் கொடுக்க இயலாதெனத் தெரிந்தும் கடன் வழங்கிய நிறுவனங்களும், தகடுகளை ஏலமிட்டு வருவாய் தேடிய நகர நிர்வாகமுமே. 2021 ஒக்டோபரில் சாரதிகள் நகர மண்டபத்தின் முன் உண்ணாவிரதம் தொடங்கினர். அப்போது மாநிலச் சட்டசபை உறுப்பினராயிருந்த ஸொஹ்ரான் மம்தானியும் அதில் இணைந்தார். 2025 இல் நகர மேயராகத் தெரிவானவர் அவரே. பதினைந்து நாட்களின் பின், நகரத்தின் உத்தரவாதத்துடன் கடன்களை 170,000 டொலராகக் குறைக்கவும், மாதத் தவணையை 1,122 டொலருக்கு மேற்படாது வரையறுக்கவும் உடன்பாடு எட்டப்பட்டது.

2022 இல் ஊபர் தன் செயலியில் மஞ்சள் டாக்சிகளையும் சேர்க்க உடன்படிக்கை செய்தது. அதன்பின், ஊபரை அழைத்தவருக்கு மஞ்சள் டாக்சியே வருதலுங் கூடும். இரு கார்களுக்கிடையேயான போட்டியாகத் தோன்றியது, ஒரே சாரதியின் உழைப்பை எவர் கணக்கிடுவது என்னும் போட்டியே.

என்னைக் கேட்டால், மன்ஹற்றன் செல்பவர் வரிசையில் நிற்கட்டும் என்பேன். டாக்சி தூய்மையானது என்பதாலன்று. அதன் விலை எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது, அவ்வெண்ணில் சாரதிகள் பேசிப் பெற்ற பங்கும் இருக்கிறது என்பதால். மலிவே முதன்மையெனின், 2003 இல் தொடங்கிய எயர்ட்ரெயினில் ஏறிச் சுரங்க ரயிலுக்கு மாறுவதே வழி. பெட்டி சிறிதாயிருத்தல் வேண்டும். டாக்சியில் ஏறியவர், வழி நீளமாதலால், அந்த 70 டொலரில் தங்களுக்கு எவ்வளவு எனச் சாரதியிடம் கேட்டுப் பார்க்கலாம். நான் கேட்ட இரு தடவையும், இருவருமே முதலிற் கூறியது அன்று எவ்வளவு நேரம் திடலில் நின்றனர் என்பதை.